தொட்டாச்சிணுங்கியும் சாகாவரமும்

கையில் எடுத்தால் செத்துப்போகும் பூச்சி ஒன்று. கல்லாய் உறைந்துபோனாலும் சாகாத பூச்சி ஒன்று. ஒரே மலை, ஒரே சரிவு, ஒரே குளிர். இந்த இரண்டையும் பிடித்துப் பார்த்து எழுதி வைப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்களுக்கு அப்போதெல்லாம் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

எங்கள் கம்பெனி மலைமேல் ரோப்கார் ஓட்டுகிறது. கீழ் நிலையத்துக்கும் உச்சிக்கும் நடுவில் கல் கொட்டிக் கிடக்கும் பெரிய சரிவு. மேலே பார்த்தால் வெறும் கல். கல்லுக்கு அடியில், வெயில் காலத்திலும் கரையாத பனிக்கட்டி. இந்த இரண்டு பூச்சிகளும் அந்தச் சரிவைத் தவிர வேறெங்கும் பிழைக்காது. அதனால் ரோப்காருக்கு அனுமதி கொடுத்தபோதே அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டுவிட்டது: பூச்சி குறைந்தால் அடிவாரத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. அந்த நிபந்தனைக்காகத்தான் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால், பழைய பேட்டரி போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒரு ஃபிரிட்ஜும் ஒரு ஹீட்டரும் ஒரு மேஜையும் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கம்பெனியில் எனக்குப் பெயர் பூச்சிக்காரி. முகத்துக்கு நேரே "மேடம்", முதுகுக்குப் பின்னால் பூச்சிக்காரி. முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்கு எப்போதும் நன்றாகவே கேட்கும்.

இரண்டுக்கும் வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெயர் வைத்தவர் கிரீஸ். கிரீஸ் என்றால் என் தங்கை புருஷன். ரோப்கார் தூண்களில் ஏறிச் சக்கரங்களுக்கு கிரீஸ் போடுவது அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்பு என் அறையில் ஹீட்டர் இருக்கிறது என்று கையைச் சூடேற்றிக்கொள்ள வருவார். ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையைப் பார்த்தார். அதற்கப்புறம் அவருக்குத் தினமும் கை குளிர ஆரம்பித்துவிட்டது. என் ஃபிரிட்ஜ் கதவில் அவருடைய விரல் தடம் ஐந்தும் கருப்பாய்ப் பதிந்திருக்கும், எத்தனை துடைத்தாலும் போகாது. அதற்காக அவரை எத்தனை திட்டியிருக்கிறேன்!

முதல் பூச்சி வைக்கோல் நிறம். விரலின் ஒரு கணு நீளம், இறக்கை கிடையாது, கண்ணும் ஏறக்குறையக் கிடையாது. பனிக்கட்டியின் விரிசலுக்குள் ஊர்ந்து திரியும். பனியின் குளிர்தான் அதற்குச் சுகம். உள்ளங்கையில் விட்டால் நம் சூட்டிலேயே துடிக்கும், இரண்டு நிமிடத்தில் கால் மடங்கிவிடும். அதை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், அந்த இடுக்கியையும் ஐஸில் வைத்திருந்து எடுக்க வேண்டும். இன்னொன்று வெட்டுக்கிளி ஜாதி. கட்டைவிரல் பருமன், மண் நிறம், இதற்கும் இறக்கை இல்லை. ஒரு கல்லுக்கு அடியில் குடியேறினால் சாகும்வரை அந்தக் கல்தான். ராத்திரி இரை தேடிப் போனாலும் விடிவதற்குள் அதே கல்லுக்குத் திரும்பிவிடும். கடுங்குளிரில் உடம்பு முழுக்க உறைந்துவிடும். பேனாவால் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். வெயில் வந்ததும் உருகி, எதுவுமே நடக்காத மாதிரி நடந்து போகும்.

"ஒண்ணு தொட்டா போச்சு. ஒண்ணு என்ன பண்ணாலும் அசையாது. அப்படியே அக்காவும் தங்கச்சியும்தான்" என்றார் கிரீஸ். முதலாவதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்தார், என் தங்கையை நினைத்து. இரண்டாவதற்கு சாகாவரம், என்னை நினைத்து. சின்னவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பெயர் பொருத்தம்தான் என்று நானே சொன்னதும் என்னோடும் பேசவில்லை.

அறையில் ஹீட்டருக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தேன். அதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், உறைந்துபோன சாகாவரம் மூன்றைக் கொண்டுவந்து, தட்டிப் பார்த்து, செத்துவிட்டது என்று எழுதி, மூன்றையும் அட்டையில் ஊசி குத்தி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டு சாயங்காலம்தான் திரும்பினேன். நடுவில் இருந்தது ஆறு காலையும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய உடம்போடு நடக்கப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ஆறு மணி நேரம் ஆகாமல் செத்தது என்று எழுதாதே. அன்றிலிருந்து உறைந்தது எது வந்தாலும், ஹீட்டருக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்து, நேரம் குறித்த சீட்டையும் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். சின்னவளுக்கு அந்த அட்டையைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. "இவரு ஞாயித்துக்கிழமை தூங்கறதுக்கும் இதே சட்டம்தான்க்கா. ஆறு மணி நேரம் ஆகாம நான் எந்த முடிவுக்கும் வர்றதில்லை" என்பாள்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் நிரப்பிக் கொடுக்கும் படிவம். சரிவில் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு கிண்ணங்களை மண்ணில் புதைத்து வைத்திருப்பேன். ஒன்று உச்சியில், பன்னிரண்டு அடிவாரத்தில். தொட்டாச்சிணுங்கி நடந்து வந்து அதில் விழும். எத்தனை விழுந்தது என்று மொத்தத்தைப் போட்டுவிட்டு, கீழே இருக்கிற மூன்று கட்டத்தில் ஒன்றில் டிக் போட வேண்டும். கூடியுள்ளது. குறைந்துள்ளது. மாற்றமில்லை. அவ்வளவுதான். நாலாவது கட்டம் கிடையாது.

போன வருடம் பனி விலகிய பிறகு, முதல் தடவையாகப் பன்னிரண்டாம் கிண்ணத்தில் ஒரு தொட்டாச்சிணுங்கி விழுந்தது. பத்து வருடத்தில் அது அவ்வளவு கீழே வந்ததே இல்லை. அடுத்த வாரம் நாலு. அதற்கடுத்த வாரம் ஒன்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம பூச்சி பெருகிவிட்டது, மலை முழுக்கப் பரவிவிட்டது என்று குதித்தேன். உச்சியில் இருக்கிற முதல் மூன்று கிண்ணமும் காலியாகத்தான் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். 'மேலே பனி தாமதம்' என்று ஓரத்தில் எழுதினேன். மொத்தம் கூடியிருந்தது. கூடியுள்ளது என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த டிக்கை வைத்துத்தான் அடிவாரத்தில் ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்ட அனுமதி வந்தது. எட்டு வீடு, ஒரே வரிசை. சரிவை ஒட்டியிருந்த கடைசி வீட்டை சின்னவள் அடம்பிடித்து வாங்கினாள். அதில் மட்டும் துணி காயப்போடப் பின்பக்கம் இடம் இருந்தது. "எங்க அக்கா எழுதிக் குடுத்துதான் இந்த வீடே வந்துச்சு" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, உச்சி குளிர்ந்துதான் போனேன்.

குடிவந்து ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"அக்கா, உன் ஆளு நம்ம வீட்டுக்கே வந்திருக்கு. சமையல்கட்டுல."

"என் ஆளா? யாரு?"

"தொட்டாச்சிணுங்கிதான். உன் பொண்ணு டம்ளர் போட்டு மூடி வச்சிருக்கா. சீக்கிரம் வா, காட்டிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறா."

நான் போவதற்குள் அது செத்திருந்தது. டம்ளருக்குள் கால் மடங்கிக் கிடந்தது. "நான் தொடவே இல்லை பெரிம்மா, சத்தியமா" என்று சின்னவளின் மகள் குட்டி அழுதாள். ஐந்து வயசு. அவளைச் சமாதானம் பண்ணிவிட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சுவரும் தரையும் சேரும் மூலையைக் காட்டினாள். அங்கே நூல் மாதிரி ஒரு விரிசல். விரிசலில் இருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சுவரைத் தொட்டேன். ஃபிரிட்ஜுக்குள் கை விட்ட மாதிரி இருந்தது.

அந்த மூலையில் பால் பாத்திரம் வைத்திருந்தாள் சின்னவள்.

"இங்க ஏண்டி பால் வச்சிருக்க?"

"அட, அதைக் கேக்கறியா? அந்த இடம் ஐஸ் மாதிரி இருக்குக்கா. ரெண்டு நாள் ஆனாலும் பால் திரியறதில்லை. இவரு சொல்றாரு, நமக்கு ஃபிரிட்ஜ் மிச்சம்னு."

பையில் இருந்த வெப்பமானியை எடுத்து அந்தத் தண்ணீரில் வைத்தேன். பூஜ்யத்துக்கு மேல் அரை டிகிரி. குழாய்த் தண்ணீர் இல்லை. மழைத் தண்ணீரும் இல்லை. பனிக்கட்டி அப்போதுதான் கரைந்து வருகிற தண்ணீர். சின்னவளிடம் எதுவும் சொல்லாமல் எழுந்து, நேரே சரிவுக்குப் போனேன்.

முதல் கிண்ணம் காலி. இரண்டு, மூன்று, நாலு காலி. ஏழாவது வரைக்கும் காலி. எட்டில் ஒன்று, பதினொன்றில் ஆறு, பன்னிரண்டில் பதினேழு. இரண்டு விதமாகப் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. என் பூச்சி பெருகவில்லை. ஓடி வந்துகொண்டிருந்தது. மேலே அதன் காலுக்கு அடியில் பனிக்கட்டி கரைந்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே, கீழே என்று வந்து, கடைசியில் என் தங்கையின் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. இதைப் போய்க் கூடியுள்ளது என்று எழுதிக் கொடுத்தேனே பாவி!

அப்புறம்தான் சாகாவரத்தின் நினைவு வந்தது. சாகாவரத்துக்குக் கிண்ணம் கிடையாது. நடுச்சரிவில் நாற்பது கற்களுக்கு மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டு வைத்திருப்பேன். முதல் வருடம் நாலாம் தூணின் அடியிலிருந்து எச்சரிக்கைப் பலகை வரைக்கும் குறுக்கே கயிறு கட்டி, கயிற்றை ஒட்டி வந்த கற்களுக்கே நம்பர் போட்டேன். பலகைக்குப் பக்கத்தில் நின்று வரிசையைப் பார்த்தேன். முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். கயிற்றைக் கொண்டுவந்து கட்டினேன். பதினேழாம் நம்பர் வரைக்கும் கயிற்றோடு இருந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தாறு வரைக்கும் வரிசை தொப்பை போட்ட மாதிரி கீழே தொங்கியது. இருபத்திரண்டாம் கல் கயிற்றிலிருந்து நாலு முழம் கீழே இருந்தது.

கடப்பாரை போட்டு அந்தக் கல்லை நெம்பினேன். அடியில் சாகாவரம் உட்கார்ந்திருந்தது. இடது பின்னங்கால் இல்லாத கிழம். ஆறு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். மீசையை ஒரு தடவை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தது. அது நகரவே இல்லை. அதன் வீடுதான் நகர்ந்திருக்கிறது, அதுவும் அதோடு சேர்ந்து வந்திருக்கிறது.

ஓடுகிற பூச்சி ஓட ஆரம்பித்தது ஒரு வருடத்துக்கு முன்பு. அதை நான் சந்தோஷம் என்று படித்தேன். அசையாத பூச்சி அசைந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. கல்லை எல்லாம் பிடித்து வைத்திருந்த பனிக்கட்டி போய்விட்டது, சரிவு கிளம்பிவிட்டது. கல்லை மறுபடி அதன் இடத்தில் வைத்தபோது அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பதினோரு வருடத்தில் அங்கே நான் தண்ணீர் சத்தம் கேட்டதில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, போன படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. இப்ப எந்தக் கட்டத்துல டிக் போடறது? குறைஞ்சிருக்கா?"

"இல்ல சார். மொத்தம் கூடியிருக்கு. ஆனா இடம் மாறியிருக்கு."

"இடம் மாறியிருக்குன்னு கட்டமே இல்லையேம்மா."

"கட்டம் இல்லாட்டி என்ன சார்? சரிவு கீழ வருது சார்!"

"போன வாரம்தான் ரெண்டு பேர் வந்து தூணையெல்லாம் தட்டிப் பாத்துட்டு, நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போனாங்க. நீங்க கூடியிருக்குன்னு எழுதினதைக் காட்டித்தான் நான் வீடு கட்டினேன். இப்ப நீங்களே வேற சொன்னா நான் தலைமை ஆபீசுக்கு என்னன்னு சொல்வேன்? நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு அங்கேருந்து ஆளு வர்றாரு. எழுத்துல குடுங்க. சும்மா வாயில சொல்லாதீங்க, கையில காட்டுங்க. நான் நிச்சயமா பேசறேன்."

நாளைக்கு வரைக்கும் மலை காத்திருக்குமா என்று கத்தினேன். அறைக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பூச்சிக்காரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் எட்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். இரண்டு வீட்டில் சாமானைக் கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று வீட்டில் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கடைசியில் சின்னவள் வீடு.

"அன்னைக்குக் கூடிடுச்சுன்னு சொன்னே. நாங்க குடிவந்தோம். இன்னைக்கு ஓடுதுன்னு சொல்றே. நாங்க காலி பண்ணணுமா?" சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இத்தனை நாளா பூச்சி காட்டினே, இப்ப பூச்சாண்டி காட்டறே."

"நான் தப்பா எழுதிட்டேண்டி. என் தப்புதான். செருப்பால அடி. ஆனா இங்க இருக்காதே."

நான் தப்பு என்று ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. அதில்தான் கொஞ்சம் பயந்தாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவள் தொட்டாச்சிணுங்கி ஆயிற்றே, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள். நான் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன். ஊருக்குள், மேட்டுத் தெருவில் என் ஒற்றை அறை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் பின்னால் வந்துதானே ஆகவேண்டும்? வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். கிரீஸ் ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு நாலு பேரும் என் அறையில் படுத்தோம். காலையில் நல்ல வெயில். ஷிப்ட் பன்னிரண்டு மணிக்குத்தான், அதற்குள் மிச்சச் சாமானை வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று கிரீஸ் கிளம்பினார். நான் மேனேஜருக்குக் கொடுக்க வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். கையில் காட்டுங்கள் என்று மேனேஜர் சொன்னதே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"உயிரோட ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்" என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

"எது, பன்னெண்டாம் கிண்ணத்துலயா? அது நம்ம வீட்டுக்குப் பின்னாடிதானேக்கா, துணி காயப்போடற இடத்துக்கு நாலடி மேல. வர்றப்ப எடுத்துட்டு வரேன்."

வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்குத் தெரியாததா? முந்தின நாள் முழுக்கத் தொண்டை வறண்டு போகும் வரை அங்கே போகாதீர்கள் என்று ஊரெல்லாம் கத்தியவள் நான். அந்த நொடியில் எனக்கு அந்த ஆபீஸ்காரன் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு பூச்சி வேண்டியிருந்தது. எழுந்து போய் பிளாஸ்க்கைக் கழுவி, ஐஸ் போட்டு, இடுக்கியையும் உள்ளே வைத்துக் கொடுத்தேன்.

"கையில தொட்டுடாதீங்க."

"தொடுவேனா? உங்க தங்கச்சிகிட்ட பழகி எனக்கு நல்லாவே பழக்கம்க்கா" என்று சொல்லிவிட்டு, சின்னவள் பக்கம் பார்த்துச் சிரித்தார். அவள் முந்தின நாள் கோபத்திலேயே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு சத்தம் கேட்டது. இடி மாதிரி எல்லாம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், நிற்காமல் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

கடைசி வீடும் அதற்கு முந்தின வீட்டில் பாதியும் போயிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் காலை ஷிப்டில் இருந்தார்கள், தப்பித்தார்கள். கல்லும் சேறும் பனித் தண்ணீரும் கலந்து கிடந்த இடத்தில் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் இறங்கித் தோண்டினார்கள். என்னைப் பைத்தியம் என்று சொன்னவன்தான் முதலில் இறங்கினான். ஒன்றரை மணி நேரம் கழித்து அவரை எடுத்தார்கள். அப்போது மணி பத்து இருபது. அந்த நேரத்தை நான் பார்த்துக்கொண்டேன். பதினோரு வருடப் பழக்கம், கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது.

கம்பெனி வைத்தியசாலையில் ஒரே ஒரு டாக்டர். கம்பளி போட்டு, ஹீட்டர் வைத்து, நெஞ்சை அழுத்தி, என்னென்னவோ செய்து பார்த்தார். அரை மணி நேரத்துக்கும் மேலாக விடவில்லை. அப்புறம் கையை எடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நெஞ்செலும்பு மொத்தமும் உள்ள போயிருக்குங்க. கல்லு விழுந்தப்பவே முடிஞ்சிருக்கும். குளிர்னால இல்ல. உங்க தங்கச்சிகிட்ட நீங்கதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். சின்னவள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"எழுதாதீங்க! ஆறு மணி நேரம் ஆகாம எழுதக்கூடாது. எங்க அக்கா ரூம்ல எழுதி ஒட்டியிருக்கு. நீங்க வேணா போய்ப் பாருங்க. உறைஞ்சு கிடந்தா தட்டிப் பாத்துட்டு எழுதிடக்கூடாது. சூட்டுல வச்சுக் காத்திருக்கணும். சொல்லுக்கா, நீ சொல்லு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அது வேறடி, இது வேறடி என்று சொல்ல வேண்டும். அவளுக்கு எழுதிக் கொடுத்த பொய் ஒன்று ஏற்கனவே இருந்தது. இன்னொன்று கொடுக்கக்கூடாது. எல்லாம் தெரிந்தும் வாய் வரவில்லை.

"காத்திருங்க டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும்.

ஹீட்டரை அவர் பக்கத்தில் இழுத்து வைத்தோம். ஒரு துண்டுச் சீட்டில் 10.20 என்று எழுதி அவர் தலைமாட்டில் வைத்தாள் சின்னவள். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவள்தான், எதையும் விடாமல் செய்தாள். அவர் வலது கையில் பிளாஸ்க் இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். நசுங்கி இருந்தது, ஆனால் மூடி திறக்கவில்லை. திறந்து பார்த்தேன். ஐஸுக்கு நடுவில் தொட்டாச்சிணுங்கி நடந்துகொண்டிருந்தது. கையில் தொடாமல் எடுத்திருக்கிறார்.

சின்னவள் நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கையை அவர் பக்கம் கொண்டுபோவாள், பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொள்வாள். நாலைந்து தடவை அப்படிச் செய்தாள்.

"என்னடி?"

"தொடலாமாக்கா?" குரலே எழும்பவில்லை அவளுக்கு. "இவரு அதுல எது? தொட்டா போயிடறதா, காத்திருந்தா எழுந்துக்கறதா?"

பதினோரு வருடம் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். எது எத்தனை டிகிரியில் பிழைக்கும், எது எத்தனை நேரத்தில் எழுந்திருக்கும் என்று யார் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்தப் பூச்சிகளை வைத்து என்னிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"தொடும்மா" என்றேன். "நல்லா பிடிச்சுக்கோ."

இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் கறை அவள் உள்ளங்கையில் ஒட்டியது. காலையில் திரும்பிப் பார்த்திருக்கலாம், திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒரு தடவை வந்து வாசலில் நின்றார். உள்ளே வராமலே போனார். இரண்டு மணிக்கு யாரோ சாப்பிட எதையோ கொண்டுவந்து வைத்தார்கள். குட்டி என் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தாள், அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாளாம். மூன்று மணிக்குச் சின்னவள் அவர் விரல் அசைந்தது என்றாள். நான் குனிந்து பார்த்தேன். அவள் கைதான் நடுங்கியது.

நாலு மணிக்கு மேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு இருபதுக்கு டாக்டர் வந்தார். மேஜைக்குப் போகாமல் கட்டிலுக்கு அருகே நின்றார். அவர் சின்னவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. சட்டம் என்னுடையது, அதனால் இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

தலைமாட்டில் இருந்த சீட்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"எழுதிக்கங்க டாக்டர்" என்றேன்.